கும்பகர்ணன் எந்திச்சுட்டானா?

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஆடி மாதம். பண்பொழியைத் தாண்டி மேக்கரைக்குப் போகிற ரோடு.

பகலில் போனால் அது ஒரு குளிர்ச்சியான ரோடு. இரண்டு பக்கமும் தென்னை, மா, நெல்லித் தோப்பு... எதிரே சுவர் மாதிரி மலை. ஆனால் சாரல் பிடித்துவிட்டால் ஆறு மணிக்கே அங்கே இருட்டிவிடும். மலை இருக்கிற இடம் தெரியாது. மேகம் தோப்புக்குள் இறங்கி, வேலிக்கம்பி வரை வந்து நிற்கும். ஒரு வீடு கிடையாது. டீக்கடை கிடையாது. போதாக்குறைக்கு யானை இறங்குகிற தடம்.

அந்த ரோட்டில், அந்த நேரத்தில், பைக்கில் ஒற்றை ஆளாகப் போய்க்கொண்டிருந்தான் உவைஸ்.

என் மச்சினனுக்குக் கூட்டாளி. தென்காசிக்காரன். சவூதியில், தம்மாமில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இங்கே மில், காலேஜ், ஆஸ்பத்திரி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் அதே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். அப்பேர்ப்பட்டவன் இதை என் மச்சினனிடம் சொன்னான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அதற்கப்புறம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். அந்த ஜன்னலை மட்டும் யாராவது சாத்திவிடுங்கள்... சாரல் உள்ளே அடிக்கிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கூடி, குளிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தூரம் வேன் பிடித்து வந்தவர்கள் சும்மா திரும்புவார்களா? விசாரித்துக்கொண்டு தனியார் அருவிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்படி ஒரு இடம்தான் அந்த ரிசார்ட். ‘ஏழிலை’ என்று பேர். மலையடிவாரத்துத் தோப்புக்குள், காட்டோடையைத் திருப்பி ஒரு பாறைமேல் விழவைத்திருந்தார்கள். கீழே தளம் போட்டு, பிடித்துக்கொள்ளச் சங்கிலி கட்டி, மஞ்சள் லைட் போட்டிருந்தார்கள்.

காட்டோடை என்றால் வெள்ளம் வருமே? அதற்கும் ஏற்பாடு இருந்தது. மலைமேல் ஓடைக்குள் ஒரு சென்சார். தண்ணீர் சட்டென்று ஏறினால் அது கீழே இருக்கிற சர்வருக்குச் சொல்லும். சர்வர் சைரனை அடிக்கும். ஆட்கள் கரை ஏறிவிட வேண்டும். கேமரா எல்லாமும் அதே சர்வரில்தான்.

அந்த சர்வர் அன்றைக்கு மதியத்திலிருந்து உறைந்து கிடந்தது. அதற்குத்தான் உவைஸைக் கூப்பிட்டார்கள்.

கண்ட்ரோல் ரூம் அருவிக்கு மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே குளிக்கிறவர்கள் தெரிவார்கள். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உமாராணி. ஆய்க்குடிக்காரி. இரண்டு வருஷமாக கேமராவையும் சைரனையும் பார்த்துக்கொள்கிறவள். பக்கத்தில் மேனேஜர் விஜய்பாண்டி, கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார்.

உவைஸ் சர்வரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். பெங்களூரில் ஏதோ பெரிய கம்பெனி கழித்துப் போட்டதை வாங்கி வந்திருக்கிறார்கள். அரிசி மூட்டைக் கனம். இருபது கேமராவுக்கும் ஒரு சைரனுக்கும் அவ்வளவு பெரிய மெஷின் வேண்டியதே இல்லை. கீபோர்டைத் தட்டினான். அசையவில்லை.

"ஹேங் ஆயிட்டு. ரீஸ்டார்ட்தான் போடணும்" என்றான்.

உமாராணி நாற்காலியை விட்டு எழுந்தாள். "அப்பம் கீழ குளிக்கிற ஆளுகள மேல ஏத்திட்டுப் போடுங்க சார். கும்பகர்ணன் லேசுல எந்திக்க மாட்டான்."

"யாரு?"

"இவன்தான் சார்." சர்வரைக் காட்டினாள். "நாங்க கும்பகர்ணன்னுதான் சொல்லுவோம்."

உவைஸுக்குச் சிரிப்பு வந்தது. பொருத்தமான பேர்தான். வீட்டுக் கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கினதும் கண் விழித்துவிடும். இந்த மாதிரிப் பெரிய மெஷின் அப்படி இல்லை. மெமரியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். ஃபேனைச் சுற்றிப் பார்க்கும். ஹார்ட் டிஸ்க்கை ஒன்று ஒன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடும். எல்லாம் சரி என்று தனக்கே திருப்தி ஆன பிறகுதான் எழுந்து உட்காரும். வருஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துகிற மெஷின், மெதுவாக எழுந்தால் என்ன என்று செய்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அதை அவசரப்படுத்த முடியாது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மேனேஜர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தளம் நிறையத் தலை. "சீசன் கூட்டம்மா இது. இப்பம் ஏத்துனா ஒருத்தன் திரும்பி வருவானா? வேற தோட்டத்துக்குப் போயிருவான்." உவைஸிடம் திரும்பினார். "எவ்வளவு நேரம்ங்க ஆவும்?"

"ஒரு அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிஷம் ஆகாது என்று உவைஸுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்லுகிற நேரம் அது. வாய் தானாகச் சொல்லிவிடும்.

"அஞ்சு நிமிஷந்தான? போடுங்க." மேனேஜர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

உமாராணி துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "நான் ரிசப்ஷன் வரைக்கும் போயி, கீழ ஒரு ஆளயாது நிறுத்தச் சொல்லிப் பாக்கேன் சார்" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, மேஜையில் இருந்த வாக்கி-டாக்கியைக் காட்டினாள்.

"அதுல யாரும் கேட்டாவன்னா... உள்ளதச் சொல்லுங்க. எந்திச்சுட்டான்னா எந்திச்சுட்டான். இல்லைன்னா இல்ல. வேற எதும் சொல்லிராதீங்க சார்."

"சரிம்மா."

"மறந்துராதீங்க."

அவள் போன பிறகு உவைஸ் பொத்தானை அமுக்கினான்.

திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்தன. ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு ஃபேன்... ஊஊஊ என்று, நெல் மில் கிளம்புகிற மாதிரி. மேஜை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அந்த இரைச்சலில் அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு ஃபேன் சட்டென்று தணிந்தது. திரையில் கம்பெனி பேர் வந்தது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு... நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி ஒரு கோடு.

உவைஸுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. இந்தப் பாழாய்ப்போன ரோட்டில் இன்னொரு தடவை வர முடியாது. நிறுத்தினதுதான் நிறுத்தியாயிற்று, கையோடு அப்டேட்டையும் போட்டுவிட்டால் என்ன? பையிலிருந்த பென்டிரைவை எடுத்துச் செருகினான். அப்டேட் போட்டால் மெஷின் தானாக இரண்டு மூன்று தடவை விழுந்து விழுந்து எழும். நேரம் இன்னும் இழுக்கும். இழுக்கட்டும் என்று விட்டுவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை.

க்ர்ர்ர்க்...

வாக்கி-டாக்கி.

"கண்ட்ரோல்... எந்திச்சுட்டானா?"

வயசான குரல். அவசரம் இல்லாத குரல். பட்டாளத்தில் இருந்தவர்கள் பேசுவார்களே, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி... அந்த மாதிரி. ஆனால் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். அருவி விழுகிற சத்தம் இல்லை. குடத்தை ஆற்றில் அமுக்கும்போது வருமே, குளுக் குளுக் என்று... அது.

உமாராணி ஆளை நிறுத்திவிட்டாள் போல என்று உவைஸ் நினைத்தான். எடுத்துப் பொத்தானை அமுக்கினான். "இல்ல அண்ணாச்சி. இப்பத்தான் போட்டிருக்கேன்."

"சரி. நான் இங்கன நிக்கேன்."

உவைஸ் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். மஞ்சள் லைட்டில் தண்ணீர்ப் புகை. தலைகள். சிரிப்பு. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. அந்தப் பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு அருவிக்குள் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருந்தார்கள். ஆனால் வாக்கி-டாக்கியோடு ஒரு ஆள்... அப்படி யாரும் கண்ணில் படவில்லை.

புகையில் மறைந்திருக்கும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் அந்த வாடை. ஏ.சி. ரூம், கதவு சாத்தி இருக்கிறது. ஈரத் துணியை நாள்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் வருமே... அது. அதோடு பாசி. அவனுக்கு முதுகுப்பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தான். சுவர்தான்.

திரையில் மெமரி சோதனை ஓடிக்கொண்டிருந்தது. கோடு பாதி வந்திருந்தது. பிறகு திரை கறுத்தது. ஃபேன் மறுபடி அலறியது. மெஷின் முதலிலிருந்து ஆரம்பித்தது.

க்ர்ர்ர்க்...

"கண்ட்ரோல். எந்திச்சுட்டானா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

கொஞ்சநேரம் குளுக் குளுக் மட்டும். பிறகு, "மேல மேகம் கருக்கி நிக்கி..." என்றது குரல். "சரி. நிக்கேன்."

அதே நேரத்தில் உவைஸின் போன் அடித்தது. ஷிஃபா. அவன் பெண்டாட்டி.

"எங்கன இருக்கிய?"

"வேலையிலதான். கொஞ்ச நேரத்துல கெளம்பிருவேன்."

"மேக்கரை ரோட்டுல யானை எறங்கிட்டாம்லா. மசூது மாமா போன் பண்ணிச் சொன்னாவ. ரெண்டு தென்னையச் சாச்சுப் போட்டுருக்காம். நீங்க எதுல வருவிய? பைக்குலயா?"

"பாத்து வாரேன் ஷிஃபா."

"என்ன பாத்து? இருட்டிட்டு. இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?"

திரையைப் பார்த்தான். ஹார்ட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தது. முதல் பச்சை விளக்கு கண் சிமிட்டியது... ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது... மூன்றாவதில் நின்றுவிட்டது. நிற்கிறதா, யோசிக்கிறதா?

க்ர்ர்ர்க். "எந்திச்சுட்டானா?"

"இரு ஷிஃபா..."

"என்ன இருக்கது? பிள்ள வேற ஒங்களத் தேடுதா..."

க்ர்ர்ர்க். "எந்திச்சுட்டானா?" இப்போது குரல் கிட்டத்தில். ரொம்பக் கிட்டத்தில். வாக்கி-டாக்கியிலிருந்து வருகிறதா, ரூமுக்குள்ளிருந்தே வருகிறதா...

உவைஸுக்கு எரிச்சல் பொங்கியது. ஒரு காதில் போன். ஒரு கையில் வாக்கி-டாக்கி. இந்தத் தொழிலில் கேட்டு அலுத்த கேள்வி அது. ஆயிட்டா, ஆயிட்டா என்று எல்லோரும் அரிப்பார்கள். ஆயிட்டு என்று சொன்னால் வாயை மூடுவார்கள். அதற்குள் மெஷினும் வந்துவிடும்.

"எந்திச்சுட்டான் அண்ணாச்சி, எந்திச்சுட்டான். நீங்க போங்க" என்றான்.

அந்தக் குளுக் குளுக் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு, மெதுவாக... "அப்படியா."

இன்னும் கொஞ்சம் கழித்து... "அப்பம் நான் ஏறுதேன்."

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ரூமிலிருந்த வாடை அந்த நொடியே போய்விட்டது. கதவைத் திறந்துகொண்டு யாரோ வெளியே போன மாதிரி.

ஷிஃபாவிடம் ஏதோ சொல்லிப் போனை வைத்தான். வைத்த கையோடு கதவு திறந்தது. உமாராணி. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, தெப்பமாக நனைந்து வந்தாள்.

"கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு. நொச்சு நொச்சுன்னு. எந்திச்சுட்டான்னு சொல்லிட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள். மூன்றாவது பச்சை விளக்கு. கோடு. சைரன் பெட்டியில் சிவப்பு. அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றான் உவைஸ்.

"சார்... நான் கீழ ஆள் நிறுத்தல. மேனேஜர் மாட்டேன்னுட்டாரு."

"அப்பம் இதுல பேசுனது?"

"இங்கன மொத்தமே ரெண்டு செட்டுதான் சார். ஒண்ணு ஒங்க கையில இருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னொண்ணு தாணு அண்ணாச்சி இடுப்புலயே போயிட்டு. போன ஐப்பசியில."

உவைஸுக்குப் புரியவில்லை. புரியவும் பிடிக்கவில்லை.

"இங்கன காவலுக்கு இருந்தாரு சார். மிலிட்டரிக்காரரு. இவன ரீஸ்டார்ட் போட்டா, எந்திக்க வரைக்கும் கையில விசிலோட அருவியப் பாத்துக்கிட்டு அங்கனயே நிப்பாரு. அன்னைக்கும் இப்படித்தான்... எந்திச்சுட்டானா, எந்திச்சுட்டானான்னு கேட்டாரு. கார்ல சாமான் ஏத்த ஆள் வேணும்னு மேனேஜர் சார் எந்திச்சுட்டான்னு சொல்லிட்டாரு. அண்ணாச்சி அருவிக்கு முதுகக் காட்டித் திரும்புனாரு சார்... மேலருந்து வெள்ளம், அவ்வளவுதான்."

"அப்பம் இப்ப..."

"எப்பம் ரீஸ்டார்ட் போட்டாலும் கேக்காரு. நான் உள்ளதச் சொல்லிருவேன். சொன்னா அங்கனயே நின்னு ஆளுகளப் பாத்துக்கிடுவாரு." வாக்கி-டாக்கியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "அண்ணாச்சி! எந்திக்கல அண்ணாச்சி! பொய் சொல்லிட்டாவ! ஏறாதீங்க, அங்கனயே நில்லுங்க! அண்ணாச்சி!"

ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல்.

உவைஸ் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் திரை மறுபடி கறுத்தது. ஃபேன் அலறி... தணிந்தது. தணிந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அருவிச் சத்தம் குறைந்திருந்தது.

மழை பெய்துகொண்டிருக்கிறது. மலைமேல் கருக்கி நிற்கிறது. தண்ணீர் கூடத்தானே வேண்டும்? குறைகிறது. தொண்டையைப் பிடித்து அமுக்கின மாதிரி... ஒரு கயிறாக, ஒரு நூலாகக் குறைகிறது. மேலே எங்கோ மரமும் கல்லும் சேர்ந்து ஓடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அடைத்தது எவ்வளவு நேரம் நிற்கும்?

கீழே இருந்தவர்களுக்கு அது தெரியாது. தண்ணீர் மெலிந்துவிட்டது என்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பாறைக்குக் கிட்டத்தில் போனார்கள்.

திறந்து கிடந்த கதவு வழியாக ஒரு வாடை வந்தது. பச்சை மண். கசக்கின இலை. வேரோடு பிடுங்கின மரத்தின் வாடை.

இரண்டு பேரும் ஓடினார்கள். படிக்கட்டெல்லாம் பாசி. உவைஸ் இரண்டு இடத்தில் விழுந்தான். ஷூவோடு தளத்துக்குள் இறங்கி, "ஏறுங்க! தண்ணி வருது! ஏறுங்க!" என்று கத்தினான். பாட்டுச் சத்தத்தில் யார் காதில் விழும்? ஒருத்தர் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "தண்ணி கொறையத்தானப்பா செய்யுது?" என்றார்.

பின்னால் உமாராணி வந்தாள். ஒரு நொடி கூட்டத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பாம்பு! பாம்பு! கருநாகம்!"

வெள்ளம் வருகிறது என்றால் எங்கே என்று நின்று பார்ப்பார்கள். பாம்பு என்றால் பார்க்க மாட்டார்கள். அந்தத் தளத்தில் நின்ற அத்தனை பேரும் துள்ளிப் படிக்கட்டுக்கு ஓடினார்கள். செருப்பு, துண்டு, சோப்பு டப்பா எல்லாம் மிதிபட்டது. ஸ்பீக்கர் தண்ணீருக்குள் விழுந்து பாட்டு நின்றது.

தளம் காலி. உவைஸ் மூச்சு விட்டான்.

"எம் புள்ள எங்க? குழலு... ஏட்டி குழலு!"

வாசுதேவநல்லூர் வேனில் வந்த ஒரு பெண். இசக்கிச்செல்வி என்று பேர். அவள் மகளுக்கு ஆறு வயசு. குழல்வாய்மொழி. எல்லோரும் ஓடினபோது அந்தப் பிள்ளை ஓடவில்லை. பாறையின் அந்தக் கோடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

உவைஸ் திரும்பிப் போனான். முழங்கால் தண்ணீர். அவ்வளவு தூரம்கூட இல்லை. பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தது. கையை நீட்டினான்.

மேலே, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம்.

அருவி முதலில் டீ நிறத்துக்கு மாறியது. பிறகு செம்மண். பிறகு தண்ணீர் என்றே சொல்ல முடியாது... மரம், கல், சேறு, எல்லாம் சேர்ந்து ஒரு சுவர். அவன் விரல் பிள்ளையின் சட்டையில் பட்டது. பட்டது அவனுக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. அதோடு தளத்து லைட் எல்லாம் அணைந்தது.

அடி. முதுகில், தலையில், தோளில். வாயெல்லாம் மண். கையில் எதுவோ இரும்பு சிக்கியது... குளிக்கிறவர்கள் பிடிக்கிற சங்கிலி. அதை விடவில்லை. தோள் கழன்றது தெரிந்தது. அப்போதும் விடவில்லை. கரையில் நின்றவர்கள் துண்டுகளை முடிந்து எறிந்து, எப்படியோ இழுத்துப் போட்டார்கள். படிக்கட்டில் குப்புறக் கிடந்து இருமினான். கை வெறுங்கை. பிள்ளை இல்லை.

அப்போதுதான் மலையே அதிர சைரன் ஊதியது.

கும்பகர்ணன் எழுந்துவிட்டான்.

இசக்கிச்செல்வி கத்தின கத்தலை உவைஸ் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, என் மச்சினனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். ஆண்களெல்லாம் போன் லைட்டை அடித்துக்கொண்டு ஓடையோரமாகக் கீழே தேடிப் போனார்கள். மேனேஜர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். உவைஸ் தொங்கின கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். எந்திச்சுட்டான், எந்திச்சுட்டான் என்று தான் சொன்ன குரல் அவன் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. நானும் அந்தத் தண்ணீரோடு போயிருக்கலாமே என்று இருந்தது அவனுக்கு.

வெள்ளம் எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாக வடிந்தது. அதற்கப்புறம்தான் யாரோ டார்ச்சை மேலே அடித்தார்கள். ஏன் மேலே அடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அருவிப் பாறையில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு விளிம்பு. கீழே எங்கேயும் கால் வைக்க இடம் கிடையாது. அதில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கப்பை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தது.

தேங்காய் பறிக்கிற ஏணியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை.

அன்றைக்கு யாரும் சாகவில்லை. உவைஸுக்குத் தோள் சரியாக மூன்று மாதம் ஆனது. இப்போது கடையநல்லூரில் அவன் அண்ணன் ஜவுளிக் கடையில் இருக்கிறான். சர்வர் பக்கம் போவதே இல்லை. உமாராணி மறுநாளே வேலையை விட்டு நின்றுவிட்டாள். அந்த அருவியை அடைத்துவிட்டார்கள். சர்வரை யாருக்கோ விற்றுவிட்டதாகப் பேச்சு. யார் வாங்கினார்கள், இப்போது எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த ராத்திரி, போலீஸ் வருகிற வரைக்கும், எல்லோரையும் ரிசப்ஷனில் உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளையைக் கட்டில் விரிப்பில் சுற்றி, சூடாகப் பால் கொடுத்தார்கள். இசக்கிச்செல்வி அதன் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி... ஒன்னய யாரு அங்கன தூக்கி வச்சா?"

"தாத்தா."

"எந்தத் தாத்தா?"

"படியேறிப் போயிட்டு, திரும்பி வந்து அங்கன நின்னாருல்லா. அவருதான்."

மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார். உமாராணி மட்டும் பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "தாத்தா ஒன்கிட்ட என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. விசில் ஊதுனாரு. எல்லாரும் போங்க போங்கன்னு கையக் காட்டிக்கிட்டு, ஊதிக்கிட்டே நின்னாரு."

உவைஸ் தலையைத் தூக்கினான். அவ்வளவு பேர் அங்கே நின்றார்கள். விசில் சத்தம் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"எங்களுக்குக் கேக்கலியே பாப்பா" என்றான்.

பிள்ளை பாலைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது.

"எப்படிக் கேக்கும்? அவரு ஊத ஊத... விசில்லருந்து தண்ணியாத்தான வந்துச்சு."